சிங்கப்பூர் – நியூயார்க்: தூரம் எவ்வளவு, உண்மையில் எத்தனை மணி நேரம்? அம்மாவைத் தனியாக அனுப்ப வேண்டும்

ஜூரோங்வாசி | ஜனவரி 11, இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம்.

என் தங்கை நியூஜெர்சியில், எடிசனில் இருக்கிறாள். ஏப்ரல் முதல் வாரம் பிரசவம், தலைப்பிரசவம். அம்மா இப்போது எங்களோடு சிங்கப்பூரில், ஜூரோங்கில் இருக்கிறார்கள். வயது 67. சர்க்கரைக்கு மாத்திரை மட்டும், இன்சுலின் இல்லை. முழங்கால் வலி உண்டு. மார்ச் கடைசியில் அம்மாவை அனுப்பியாக வேண்டும், எனக்கு லீவு கிடைக்காது. ஊருக்கும் இங்கேயும் நாலு மணி நேரம் பறந்ததுதான் அவர்களுக்குப் பழக்கம்.

நான்கு நாளாகத் தேடுகிறேன், குழப்பம்தான் மிச்சம். ஓர் இடத்தில் 15,349 கி.மீ., இன்னோர் இடத்தில் 15,344, வேறோர் இடத்தில் 16,600 என்று போட்டிருக்கிறார்கள். எது சரி? 15,349-ஐ மணிக்கு 900 கி.மீ. வேகத்தால் வகுத்தால் பதினேழு மணி நேரம் வருகிறது. டிக்கெட்டில் பதினெட்டரைக்கு மேல் இருக்கிறதே, ஏன்? வரைபடத்தைப் பார்த்தால் இந்தியா, ஐரோப்பா வழியாக இடது பக்கம்தான் போக வேண்டும்போலத் தெரிகிறது. ஆபீஸ் நண்பர் இல்லவே இல்லை, பசிபிக் மேலே வலது பக்கம் போகிறது என்கிறார்.

எல்லாவற்றுக்கும் மேல், அம்மாவால் அவ்வளவு நேரம் உட்கார முடியுமா? நடுவில் இறங்கிப் போவது நல்லதா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

வானம்பாடி | ஜனவரி 11, இரவு 11:15

வணக்கம் அண்ணா. நான் நியூஜெர்சிதான், பிஸ்கேட்டவே. இந்த விமானத்தில் மூன்று முறை வந்திருக்கிறேன்.

முதல் குழப்பம் சுலபமாகத் தீரும். 15,349 என்பது சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திலிருந்து நியூயார்க் நகரத்து ஜேஎஃப்கே விமான நிலையம். 15,344 என்பது சாங்கியிலிருந்து நியூஜெர்சியில் இருக்கும் நெவார்க் விமான நிலையம். இரண்டுக்கும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் நேரடியாகப் பறக்கிறது. உலகத்திலேயே மிக நீளமான பயணிகள் விமானப் பாதை ஜேஎஃப்கே, அதற்கு அடுத்தது நெவார்க். பெயரில் "நியூயார்க்" என்று இருப்பதால் எல்லோரும் ஜேஎஃப்கே போட்டுவிடுகிறார்கள். எடிசனுக்கு நீங்கள் பார்க்க வேண்டியது நெவார்க். அங்கிருந்து எடிசன் முப்பது கிலோமீட்டர் சொச்சம். ஜேஎஃப்கேயிலிருந்து அதைப்போல இரண்டு மடங்கு, நடுவில் பாலங்கள், டோல், மாலை நேரமென்றால் இரண்டு மணி நேரம்கூட ஆகும். நிறைமாதப் பெண்ணோ அவள் வீட்டுக்காரரோ கூட்டிப்போக வர வேண்டும், அதை யோசியுங்கள்.

இன்னொன்று, இந்த நேரடி விமானத்தில் சாதாரண எகானமி கிடையாது. பிசினஸ், பிரீமியம் எகானமி இரண்டுதான்.

---

பூகோள வாத்தியார் | ஜனவரி 12, காலை 6:05

தம்பி, முப்பத்திரண்டு வருடம் தஞ்சாவூர்ப் பக்கம் பள்ளியில் புவியியல் நடத்தியவன் நான். உங்கள் கேள்வி எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. வீட்டில் உலக உருண்டை இருக்கிறதா? இல்லாவிட்டால் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் வாங்கிக்கொள்ளுங்கள். சுவரில் மாட்டும் வரைபடம் இதற்கு ஆகாது.

ஒரு நூலை எடுத்து ஒரு நுனியைச் சிங்கப்பூரில் வையுங்கள், மறு நுனியை நியூயார்க்கில் வைத்து இறுக்கி இழுங்கள். நூல் இடப்பக்கமும் போகாது, வலப்பக்கமும் போகாது. நேராக மேலே ஏறி வடதுருவத்தைத் தொட்டு அந்தப் பக்கம் இறங்கும்.

காரணம் தீர்க்கரேகை. சாங்கி கிழக்கே 104 பாகையில் இருக்கிறது. ஜேஎஃப்கே மேற்கே 73.8 பாகை. கூட்டினால் 177.8. உலகத்தைச் சரிபாதியாக வெட்டினால் 180. அதாவது இரண்டு ஊரும் ஏறக்குறைய பூமியின் எதிரெதிர் முதுகில் இருக்கின்றன. அப்படி இருந்தால் குறுக்குவழி துருவத்தின் வழிதான்.

கணக்கை நீங்களே போட்டுப் பார்க்கலாம், பெரிய சூத்திரம் ஒன்றும் வேண்டாம். சாங்கியின் அட்சரேகை வடக்கே 1.36. அங்கிருந்து துருவத்துக்கு 90-இல் 1.36 போக 88.64 பாகை. ஜேஎஃப்கே 40.64, துருவத்திலிருந்து அங்கே இறங்க 49.36 பாகை. இரண்டையும் கூட்டினால் 138. ஒரு பாகைக்கு 111.2 கி.மீ. பெருக்கினால் 15,345 சொச்சம் வரும். இணையத்தில் சொல்லும் 15,349-க்கு எவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டோம் பாருங்கள்! அந்த நாலு கி.மீ. வித்தியாசம் பூமி சரியான பந்து இல்லை என்பதால் வருவது.

நெவார்க் ஏன் ஐந்து கி.மீ. குறைவு என்பதற்கும் இதிலேயே பதில் இருக்கிறது. நெவார்க்கின் அட்சரேகை 40.69. ஜேஎஃப்கேயைவிடத் துளி வடக்கே. 0.05 பாகை, ஐந்தரை கி.மீ. துருவத்துப் பக்கம் இருந்து வருகிறவனுக்கு நெவார்க்தான் முதலில் வரும்.

அந்த நூலின் கீழே என்னென்ன ஊர் வருகிறது என்று பாருங்கள். செங்டூ, மங்கோலியா, பைக்கால் ஏரிக்குப் பக்கத்து இர்குட்ஸ்க், சைபீரியாவின் உச்சி, துருவம், கனடாவின் பனித் தீவுகள், மொன்றியால், அப்புறம் நியூயார்க். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதை நூல் வைத்துக் காட்டும்போது அவர்கள் முகம் மாறும். அது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

---

திருச்சி ராஜா | ஜனவரி 12, காலை 8:20

ஐயா அருமை. ஆனா ஒரு சந்தேகம். நேத்து ராத்திரி நேரலை வரைபடத்துல அந்த விமானத்தைத் தேடிப் பார்த்தேன். வடதுருவம் பக்கமே போகல. ஜப்பானைத் தாண்டி பசிபிக் மேல போயிட்டிருந்துச்சு. அப்போ 15,349ங்கறது வெறும் ஏட்டுக் கணக்கா?

---

பட்டறைக்காரன் | ஜனவரி 12, பிற்பகல் 1:30

நான் விமானப் பராமரிப்பு வேலையில் இருக்கிறேன். எந்தக் கம்பெனி என்பது இங்கே வேண்டாம். ராஜா பார்த்தது சரி, வாத்தியார் ஐயா சொன்னதும் சரி.

15,349 என்பது நூல் பிடித்த தூரம், மாறாத எண். விமானம் பறக்கும் தூரம் ஒவ்வொரு நாளும் வேறு. ஜூரோங்வாசி பார்த்த 16,600 அப்படிப் பறந்த ஒரு நாளின் தூரமாக இருக்கும்.

இந்த இரண்டு ஊருக்கும் ஒரு விசேஷம் உண்டு. எதிரெதிர் முதுகில் இருப்பதால் எந்தப் பக்கம் சுற்றிப் போனாலும் தண்டனை குறைவு. சிங்கப்பூர் – டோக்கியோ – நியூயார்க் என்று வளைத்தாலும் மொத்தம் 16,200 கி.மீ. அளவுதான், எண்ணூறு தொள்ளாயிரம்தான் கூடுதல். அந்தக் கூடுதலைக் காற்று திருப்பிக் கொடுத்துவிடும்.

பத்துப் பதினோரு கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் ஜெட் காற்று இருக்கிறது. குளிர்காலத்தில் ஜப்பானுக்கு மேலே அது மிகப் பலமாக வீசும். ஆற்றோடு நீந்துவதுபோல அதில் ஏறிக்கொண்டால் தரைவேகம் நூறு, இருநூறு கி.மீ. கூடும். பலத்துக்கு ஓர் உதாரணம்: 2020 பிப்ரவரியில் புயல் காற்று தள்ளியதில் பிரிட்டிஷ் ஏர்வேஸ் 747 ஒன்று நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது. வழக்கமாக ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகும் பாதை.

அதனால் சிங்கப்பூரிலிருந்து போகும்போது பசிபிக் மேலே கிழக்காகப் போவார்கள். திரும்பி வரும்போது அதே வழியில் வந்தால் அந்தக் காற்றை எதிர்த்து வர வேண்டும். அதனால் பல நாட்களில் அட்லாண்டிக், ஐரோப்பா, இந்தியா வழியாக மறுபடியும் கிழக்காகவே வருவார்கள். போவதும் கிழக்கு, வருவதும் கிழக்கு. உங்கள் அம்மா போய்த் திரும்பினால் பூமியை ஒரு முழுச் சுற்று சுற்றி வந்திருப்பார்கள்.

துருவ வழி அறவே கிடையாது என்றில்லை. 2004-இல் இந்தச் சேவை தொடங்கியபோது நெவார்க்கிலிருந்து வரும் விமானம் துருவத்தை ஒட்டிப் பறந்தது உண்டு. ஆனால் அந்த நூலின் கீழே ஐந்தில் ஒரு பங்கு ரஷ்யா. 2022-க்குப் பிறகு பல நிறுவனங்கள் ரஷ்ய வான்வெளிக்குள் போவதில்லை. துருவத்துக் குளிரும் ஒரு காரணம். அமெரிக்காவில் நிரப்பும் ஜெட் ஏ எரிபொருள் மைனஸ் 40 டிகிரியில் உறைய ஆரம்பிக்கும். மற்ற நாடுகளில் நிரப்பும் ஜெட் ஏ-1 மைனஸ் 47 வரை தாங்கும். டாங்கியின் வெப்பநிலையை விமானிகள் பார்த்துக்கொண்டே வர வேண்டும், தேவைப்பட்டால் கீழே இறங்கிப் பறக்க வேண்டும்.

இனி நேரம். டிக்கெட்டில் போடுவது பறக்கும் நேரம் மட்டும் இல்லை. சாங்கியில் வாசலைவிட்டுப் பின்னால் தள்ளுவதிலிருந்து அங்கே வாசலில் நிறுத்துவது வரை உள்ள நேரம். ஓடுபாதைக்குப் போவது, வரிசையில் நிற்பது, இறங்கிய பின் ஊர்ந்து வருவது எல்லாம் அதில் அடக்கம். 900 வேகமும் உச்சி உயரத்துக்கு ஏறிய பிறகு வருவதுதான். 18 மணி 40 நிமிடம் என்று போட்டிருந்தால் வானத்தில் இருப்பது பதினேழரை முதல் பதினெட்டேகால் வரை. காற்று சாதகமாக இருந்தால் முன்னதாகவே போய்ச் சேர்வது சாதாரணம்.

---

ஜூரோங்வாசி | ஜனவரி 12, இரவு 8:50

இவ்வளவு பொறுமையாக எழுதிய எல்லோருக்கும் நன்றி. மகனுடைய உருண்டையில் நூல் பிடித்துப் பார்த்தோம். அம்மாவும் வந்து உட்கார்ந்து பார்த்தார்கள். "பனிக்கட்டி மேலயா என்னை அனுப்புற" என்று கொஞ்சம் பயந்தார்கள், பசிபிக் வழி என்று சொன்னேன். "கடல் அதைவிடப் பெருசாச்சே" என்றார்கள். பயம் இன்னும் தீரவில்லை.

அம்மா ஒரு கேள்வி கேட்கச் சொன்னார்கள். அவர்கள் நாற்பது வருடமாக வெள்ளிக்கிழமை விரதம். வியாழக்கிழமை இரவு கிளம்பினால் எந்த வெள்ளிக்கிழமை விரதம் இருப்பது?

---

தெம்பனிஸ் பெரியவர் | ஜனவரி 12, இரவு 10:30

அம்மா கேட்டது நல்ல கேள்வி, வாத்தியார் பதில் சொல்வார். கடல் பயம் என்றதும் எனக்கு என் தகப்பனார் ஞாபகம் வந்துவிட்டது.

அவர் நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பல் ஏறி இங்கே வந்தவர். 1926-இல் கட்டிய கப்பல் அது, 1973 வரை ஓடியது. மெட்ராஸ், நாகப்பட்டினம், பினாங்கு, பிறகு சிங்கப்பூர். மேல்தட்டில் பாய் விரித்து ஒரு வாரத்துக்கு மேல் படுத்து வந்ததாகச் சொல்வார். சாங்கியிலிருந்து சென்னைக்கு நேர்த்தூரம் 2,900 கி.மீ. சொச்சம். அதற்கு ஒரு வாரம். உங்கள் அம்மா போவது அதைப்போல ஐந்து மடங்கு, ஒரு நாள்கூட ஆகாது. இதை அவர்களிடம் சொல்லுங்கள், கொஞ்சம் தைரியம் வரும்.

இந்தச் சேவை ஒருமுறை நின்றுபோனதும் நினைவிருக்கிறது. 2004 ஜூனில் ஏ340-500 விமானத்தில் நெவார்க்குக்குத் தொடங்கினார்கள். நாலு எஞ்சின், எரிபொருள் குடிக்கும். 2008-இல் இருக்கை நூறாகக் குறைத்து எல்லாமே பிசினஸ் ஆக்கினார்கள். அப்படியும் கட்டுப்படியாகவில்லை, 2013 நவம்பரில் நிறுத்திவிட்டார்கள். 2018 அக்டோபரில் இரண்டு எஞ்சின் ஏ350 வந்த பிறகுதான் மறுபடி தொடங்கியது. ஜேஎஃப்கே 2020 நவம்பரில் வந்தது. நடுவில் அந்த ஐந்து வருடம் என் பேத்தியைப் பார்க்கப் போக எங்களுக்கு ஒரு நாளுக்கு மேல் ஆனது.

---

பூகோள வாத்தியார் | ஜனவரி 13, காலை 5:50

விரதக் கேள்விக்கு வருகிறேன். மார்ச் கடைசியில் நியூஜெர்சி நேரம் சிங்கப்பூரைவிடப் பன்னிரண்டு மணி நேரம் பின்னால். குளிர்காலத்தில் பதின்மூன்று. மார்ச் இரண்டாவது ஞாயிறு அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவிடுவார்கள்.

வியாழன் இரவு பதினொன்றரைக்குக் கிளம்புகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பசிபிக் மேலே போகும்போது விடியும். அது வெள்ளி. பசிபிக் நடுவில் தேதிக்கோடு இருக்கிறது, அதைக் கிழக்கே தாண்டினால் தேதி ஒரு நாள் பின்னால் போகும். கொஞ்ச நேரத்தில் அதைத் தாண்டியதும் அது வியாழன் ஆகிவிடும். கிழக்கே பறப்பதால் சூரியன் வேகமாக ஓடும். பகல் ஏழெட்டு மணி நேரத்தில் முடிந்து, மறுபடி இருட்டி, நெவார்க்கில் விடியற்காலை இறங்கும்போது வெள்ளிக்கிழமை காலை ஆறு மணி. ஆக, வெள்ளி என்று தொடங்கும் பகல் ஒன்று, வெள்ளியாகவே இருக்கும் பகல் ஒன்று.

எனக்குத் தோன்றுவது, இறங்கிய ஊரின் வெள்ளிக்கிழமைதான் கணக்கு. ஆனால் சர்க்கரை உள்ளவர், பயணத்தை ஒட்டி விரதமே வேண்டாம். சனிக்கிழமை இரவு கிளம்பும்படி போட்டுவிடுங்கள்.

---

மேகநாதன் டெக்சாஸ் | ஜனவரி 13, காலை 10:10

நான் இங்கே எதிர்க்கருத்து சொல்ல வேண்டியிருக்கிறது. யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

67 வயது, முழங்கால் வலி, சர்க்கரை. அவரை ஒரே நாற்காலியில் பதினெட்டு மணி நேரம் உட்கார வைப்பது சரியா? சிங்கப்பூர் ஏர்லைன்ஸிலேயே பிராங்பர்ட் வழியாக ஜேஎஃப்கே போகும் விமானம் இருக்கிறது. சிங்கப்பூர் – பிராங்பர்ட் 10,280 கி.மீ., பிராங்பர்ட் – ஜேஎஃப்கே 6,190 கி.மீ. மொத்தம் 16,470. நூல் பிடித்த தூரத்தைவிட 1,100 கி.மீ.தான் அதிகம். நடுவில் இறங்கி நடக்கலாம், முகம் கழுவலாம், காலுக்கு ஓய்வு. எகானமி இருக்கைகளும் உண்டு, செலவு எவ்வளவோ குறையும். என் மாமியாரை அப்படித்தான் வரவழைத்தோம், ஒரு குறையும் இல்லை.

---

யாழ்மகள் டொரன்டோ | ஜனவரி 13, மாலை 6:45

மேகநாதன் அண்ணா, நீங்கள் சொல்லுறது விளங்குது. ஆனா என்ர அம்மாவுக்கு நடந்ததை நான் சொல்லத்தான் வேணும்.

கொழும்பில இருந்து டொரன்டோவுக்கு நேர்த்தூரம் 14,000 கிலோமீற்றர். நேரடி விமானம் இல்லை. எங்களுக்கு வேற வழி இல்லை, எங்கையாவது மாறித்தான் வரவேணும். அம்மாவுக்கு அப்ப 70 வயசு. இடையில ஒரு விமான நிலையத்தில மூண்டு மணித்தியாலம் இடைவெளி எண்டு போட்டிருந்தினம். முதல் விமானம் பிந்தி வந்ததால அடுத்தது போட்டுது. அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும். கைபேசியில சார்ஜ் இல்லை. பதினாலு மணித்தியாலம் ஒரு கதிரையில இருந்தவ. ஆரிட்டக் கேக்கிறது எண்டு தெரியாமல் தண்ணிகூட வாங்கிக் குடிக்கேல்லை. நாங்கள் இஞ்சை விமான நிலையத்தில அழுதுகொண்டு நிண்டனாங்கள்.

இருந்த இடத்தில கால் நீட்டலாம், எழும்பி நடக்கலாம். ஆனா தனியா வாற ஒரு வயசான மனிசிக்கு மாறி ஏறுறதுதான் பெரிய பயம். நேரடி விமானம் உங்களுக்குக் கிடைக்குது எண்டால் அதை விடாதேங்கோ.

---

மேகநாதன் டெக்சாஸ் | ஜனவரி 13, இரவு 9:05

படித்து மனம் கனத்துவிட்டது அக்கா. என் மாமியார் வந்தபோது கூடவே மாமனார் இருந்தார், அதை நான் எழுதாமல் விட்டது தவறு. தனியாக வருகிறவருக்கு என் கணக்கு பொருந்தாது. ஆனால் பிராங்பர்ட் விமானத்தில் இடையில் இறங்கினாலும் ஏறுவது அதே விமானத்தில்தான், அது விட்டுப்போகாது. அதையும் ஜூரோங்வாசி கணக்கில் வைக்கட்டும். நேரம் மட்டும் இருபத்து நாலு, இருபத்தைந்து மணி ஆகும். இறங்குவதும் நெவார்க்கில் இல்லை, ஜேஎஃப்கேயில்.

---

செவிலி கலா | ஜனவரி 14, காலை 7:30

வணக்கம். இருபது வருடமாக வார்டில் வேலை பார்க்கிறேன். உடம்பைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

நீண்ட பயணத்தில் பயப்பட வேண்டியது காலின் இரத்தக் குழாயில் இரத்தம் உறைவது. நாலு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால் அந்த அபாயம் ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007-இல் சொன்னது. இரட்டிப்பு என்றதும் பதற வேண்டாம். அதே ஆய்வில் அப்படிப் பயணம் செய்தவர்களில் ஏறக்குறைய 6,000 பேரில் ஒருவருக்குத்தான் வந்திருக்கிறது. கவனிக்க வேண்டியது "அசையாமல்" என்ற சொல். விமானமோ, பஸ்ஸோ, ரயிலோ, எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். பதினெட்டு மணி நேரத்தில் பத்து முறை எழுந்து நடப்பவர், எட்டு மணி நேரம் அசையாமல் தூங்குபவரைவிட நல்ல நிலையில் இருப்பார்.

அதனால் நடைபாதை ஓரத்து இருக்கை வாங்குங்கள். ஜன்னல் வேண்டாம். பக்கத்தில் தூங்குகிறவரை எழுப்பக் கூச்சப்பட்டே நம் அம்மாக்கள் எழ மாட்டார்கள், பாத்ரூம் போக வேண்டுமே என்று தண்ணீரும் குடிக்க மாட்டார்கள். இதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். விமானத்துக்குள் காற்று நம் ஊர்க் காற்றைப்போல இல்லை, மிகவும் உலர்ந்தது. காலுக்கு அழுத்தக் காலுறை போடலாமா என்று டாக்டரைக் கேளுங்கள், சிலருக்கு ஒத்துக்கொள்ளாது.

அடுத்து மாத்திரை. பன்னிரண்டு மணி நேரம் நேரம் மாறும்போது "காலை மாத்திரை" என்பதே குழம்பிவிடும். சர்க்கரை மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பாடு வரவில்லையென்றால் சர்க்கரை இறங்கி மயக்கம் வரும். இப்போதே டாக்டரிடம் போய், விமானத்தில் எந்தச் சாப்பாட்டோடு எந்த மாத்திரை என்று எழுதி வாங்குங்கள். அதைத் தமிழில் பெரிய எழுத்தில் ஒரு அட்டையில் எழுதிக் கைப்பையில் வையுங்கள். எல்லா மாத்திரையும் கைப்பையிலேயே இருக்கட்டும், பெட்டியில் போடாதீர்கள். கூடவே பிஸ்கட், இரண்டு மிட்டாய்.

சக்கர நாற்காலிக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நடக்க முடிந்தாலும் பரவாயில்லை. குடிநுழைவு வரிசையில் நிற்காமல் ஒருவர் கடைசி வரை கூட வருவார்.

---

திருச்சி ராஜா | ஜனவரி 14, காலை 9:00

எனக்கும் ஒரு கேள்வி. எங்க அப்பா அம்மாவும் ஜூன்ல நியூஜெர்சி போகணும். திருச்சியிலேருந்து சிங்கப்பூர் போயி அங்கேருந்து இந்த நேரடி விமானம் பிடிச்சா சௌகரியமா இருக்குமா?

---

பூகோள வாத்தியார் | ஜனவரி 14, காலை 11:40

வேண்டாம் ராஜா. நூல் பிடித்தால் சென்னையிலிருந்து நியூயார்க் 13,480 கி.மீ.தான். திருச்சியை இதோடு ஒட்டியே வைத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூர் போய்ப் போனால் 2,920-ம் 15,350-ம் சேர்ந்து 18,270. ஏறக்குறைய 4,800 கி.மீ. வீண். முதல் நாலு மணி நேரம் போக வேண்டிய ஊருக்கு எதிர்ப்பக்கமாகப் போகிறீர்கள். வளைகுடா வழியோ ஐரோப்பா வழியோதான் உங்களுக்கு நேர்.

ஆனால் யாழ்மகள் எழுதியதைப் படித்துவிட்டு, இடைவெளியைக் குறைந்தது நாலு மணி நேரமாகப் போடுங்கள்.

---

பட்டறைக்காரன் | ஜனவரி 14, இரவு 7:20

எகானமி ஏன் இல்லை என்று யாரும் கேட்கவில்லை, ஆனாலும் எழுதிவிடுகிறேன். செலவைப் பார்த்து மலைக்கிறவர்களுக்குக் காரணம் தெரியட்டும்.

இந்த விமானம் ஏ350-900 யுஎல்ஆர், அதாவது மிக நெடுந்தூரத்துக்கென்றே செய்த வகை. இதன் டாங்கியில் 1,65,000 லிட்டர் பிடிக்கும். சாதாரண ஏ350-900-ஐவிட 24,000 லிட்டர் அதிகம். முழுக்க நிரப்பினால் எரிபொருள் மட்டும் 130 டன்னுக்கு மேல். விமானம் எல்லாம் சேர்த்துத் தரையைவிட்டு எழும்பக்கூடிய உச்ச எடை 280 டன். ஏறக்குறைய பாதி எடை எரிபொருள். முதல் சில மணி நேரத்தில் எரிவதில் ஒரு நல்ல பங்கு, பின்னால் எரிக்கப்போகும் எரிபொருளைச் சுமப்பதற்கே போகிறது. அதனால் ஆளைக் குறைக்கிறார்கள். இதே நிறுவனத்தின் நெடுந்தூர ஏ350-இல் 253 இருக்கை, இதில் 161. பிசினஸ் 67, பிரீமியம் எகானமி 94. அத்தனை பேரும் சேர்ந்துதான் அந்த எரிபொருளுக்குப் பணம் கொடுக்கிறோம்.

---

ஜூரோங்வாசி | ஜனவரி 19, இரவு 9:15

முடிவு எடுத்துவிட்டோம். நெவார்க் நேரடி விமானம், மார்ச் 21 சனிக்கிழமை இரவு. பிரீமியம் எகானமி, நடைபாதை ஓரம், கழிப்பறைக்கு நாலு வரிசை தள்ளி. சைவச் சாப்பாடும் சக்கர நாற்காலியும் சொல்லியாகிவிட்டது. தங்கையும் நானும் பாதிப் பாதி போட்டுக்கொண்டோம். கலா அக்கா சொன்னபடி டாக்டரிடம் அட்டை எழுதி வாங்கினேன்.

யாழ்மகள் அக்கா, உங்கள் அம்மா பட்டதைப் படித்த அன்றுதான் என் மனைவி "செலவைப் பார்க்காதீங்க" என்றாள்.

---

ஜூரோங்வாசி | மார்ச் 23, காலை 7:30

அம்மா நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தார்கள்.

சனி இரவு சாங்கியில் வாசலைவிட்டுக் கிளம்ப இருபது நிமிடம் தாமதம். வானத்தில் இருந்தது 17 மணி 38 நிமிடம். ஞாயிறு விடியற்காலை சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னதாகவே இறங்கிவிட்டது. நானும் மகனும் நேரலை வரைபடத்தில் பார்த்துக்கொண்டே இருந்தோம். தைவானைத் தாண்டி, ஜப்பானுக்குக் கிழக்கே பசிபிக்கில் போகும்போது தரைவேகம் 1,080 வரை போனது. மகன் ஒவ்வொரு மணி நேரமும் ஒரு தாளில் குறித்து வைத்திருக்கிறான்.

அம்மா பதினொரு முறை எழுந்து நடந்தார்களாம், எண்ணி வைத்திருந்தார்கள். பக்கத்தில் ஒரு சீனப் பாட்டி. இருவருக்கும் பொதுவாக ஒரு மொழி இல்லை. ஆனால் ஒருவர் எழுந்தால் இன்னொருவரும் எழுந்து கூடவே நடந்திருக்கிறார்கள். கால் கொஞ்சம் வீங்கியிருந்தது, அங்கே சாயங்காலத்துக்குள் வடிந்துவிட்டது. சர்க்கரை 142. இறங்கி எடிசன் வீட்டுக்குப் போக முப்பத்தைந்து நிமிடம்தான். வானம்பாடி, அதற்கு உங்களுக்குத்தான் நன்றி.

போனில் முதலில் சொன்னது பயணத்தைப் பற்றி இல்லை. "சாயங்காலம் ஆனதும் ஜன்னலைத் திறந்து காட்டினாங்கடா, இப்பதான் விடிஞ்ச மாதிரி இருந்துச்சு, அதுக்குள்ள பொழுது சாஞ்சிடுச்சு" என்றார்கள்.

ஆகஸ்டில் திரும்பி வர வேண்டும். ஜேஎஃப்கேயிலிருந்து இரவு கிளம்பும் விமானத்தில் பார்க்கிறேன். வாத்தியார் ஐயா, வியாழன் இரவு அங்கே ஏறினால் சனி காலை இங்கே இறங்குவார்கள், வெள்ளி முழுக்க வானத்தில், சரிதானே?

---

பூகோள வாத்தியார் | மார்ச் 23, காலை 8:10

சரிதான் தம்பி. தேதிக்கோட்டைத் தாண்டாமல் அட்லாண்டிக் வழியாக வந்தால் அந்த வெள்ளிக்கிழமை முழுக்க அவர்களுக்கு ஆகாயத்தில்தான். புதன்கிழமை இரவு ஏற்றிவிடுங்கள், வெள்ளி காலை வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு விளக்கேற்றலாம். அம்மாவிடம் என் வணக்கத்தைச் சொல்லுங்கள். பேரனோ பேத்தியோ பிறந்ததும் இங்கே ஒரு வரி எழுதுங்கள்.